திரையில் பொருத்துகிறோம், தரையில் பொருந்தவில்லை

"தம்பி, இது ஒங்க கம்ப்யூட்டர்ல உக்காந்துச்சா?"

"உக்காந்துச்சு அண்ணே."

"அப்ப கம்ப்யூட்டரையே தூக்கிட்டு வந்து மெஷின்ல மாட்டுங்க."

சொல்லிவிட்டு ஃபிட்டர் அண்ணன் அரத்தை எடுத்தார். நான் வரைந்த தகட்டின் இரண்டாவது துளையை ராவ ஆரம்பித்தார். இடம், செனாய் பக்கம் ஒரு சின்ன கம்பெனி. துளை போடுவதற்கான ஜிக், வெல்டிங்கின்போது பாகங்களைப் பிடித்துவைக்கும் பிக்ஸர் மாதிரியானவற்றைச் செய்து கொடுப்பார்கள். நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். உள்ளூர் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் பட்டம், கழுத்தில் அடையாள அட்டை, ஏர்கான் அறையில் இரண்டு திரை. அண்ணனுக்கு ஐம்பது வயது இருக்கும். கூலாய் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, மூன்றாம் படிவத்தோடு படிப்பை விட்டவர்.

அன்று அவர் ராவியது என் தவறை. ஆனால் பிறகு வந்த அறிக்கையில் அது அவருடைய தவறாக எழுதப்பட்டது. அதைப் பற்றிப் பேசத்தான் இந்தக் கட்டுரை. இலக்கிய இதழில் எதற்கு மென்பொருள் புராணம் என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இதில் முதலில் கெட்டுப்போனது மொழிதான்.

முதலில் விஷயம் என்ன என்று சொல்லிவிடுகிறேன். கணினியில் ஓர் இயந்திரத்தை வடிவமைக்கும்போது ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாக வரைவோம். பிறகு எல்லாவற்றையும் ஒரே கோப்பில் கொண்டுவந்து சேர்ப்போம். அதற்கு அசெம்பிளி என்று பெயர். கொண்டுவந்து போட்ட பாகம் திரையில் அந்தரத்தில் மிதக்கும். இந்த முகம் அந்த முகத்தில் ஒட்ட வேண்டும், இந்தத் துளையின் மையமும் அந்தப் பின்னின் மையமும் ஒரே கோட்டில் வர வேண்டும் என்று நாம்தான் சொல்ல வேண்டும். இப்படிச் சொல்வதைச் சாலிட்வொர்க்ஸில் 'மேட்' என்பார்கள். வேறு மென்பொருள்களில் கன்ஸ்ட்ரெயின்ட். எங்கள் ஆபீஸ் பேச்சில் "மேட் போடுறது".

அந்தரத்தில் இருக்கும் எந்தப் பொருளுக்கும் ஆறு விதமான அசைவு உண்டு. கையில் இருக்கும் கைப்பேசியை மேசைக்கு மேலே தூக்கிப் பிடியுங்கள். இடம் வலம், முன் பின், மேல் கீழ் என்று மூன்று நகர்வு. அதே மூன்று திசைகளையும் அச்சாக வைத்து மூன்று சுழற்சி. ஆகமொத்தம் ஆறு. இப்போது அதை மேசையில் வையுங்கள். மேல் கீழ் நகர்வு போனது. இரண்டு பக்கமாகச் சாய்வதும் போனது. மிச்சம் மூன்று: மேசைமேல் இரண்டு திசையில் தள்ளலாம், தட்டாமாலை சுற்றலாம். ஒரு மேட் என்பது இப்படி எண்ணி எடுக்க வேண்டிய கணக்கு. எந்த அசைவைத் தடுக்கிறேன், எதை விடுகிறேன், ஏன்?

எனக்கு வகுப்பில் இப்படி யாரும் சொல்லவில்லை. "பாகம் அசையக் கூடாது. அசைஞ்சா மார்க் போச்சு" என்றார்கள், அவ்வளவுதான். சாலிட்வொர்க்ஸில் இன்னும் அசையக்கூடிய பாகத்தின் பெயருக்கு முன்னால் அடைப்புக்குறிக்குள் ஒரு கழித்தல் குறி நிற்கும். அந்தக் குறி மறையும்வரை மேட் போட்டுக்கொண்டே போக வேண்டும். நான்கு போட்டும் மறையவில்லையா, ஐந்தாவது போடு. சிவப்பாகிவிட்டதா, கடைசியில் போட்டதை அழித்துவிட்டு வேறொன்றைப் போட்டுப் பார். எதுவும் சரிவராவிட்டால் பாகத்தை வலது க்ளிக் செய்து 'பிக்ஸ்' என்று அழுத்து. கழித்தல் குறி போய், நிலைநிறுத்தப்பட்டது என்பதற்கான வேறொரு குறி வந்துவிடும். நிம்மதி. இந்த நிம்மதிக்கு நான்கு வருடம் படித்துப் பட்டம் வாங்கினேன்.

இனி என் இரண்டாவது துளைக்கு வருகிறேன்.

அடித்தகட்டில் இரண்டு பின்கள், 8 மில்லிமீட்டர் விட்டம், 200 மில்லிமீட்டர் இடைவெளி. மேல்தகட்டில் அவற்றுக்கு நேராக இரண்டு வட்டத் துளைகள். மேல்தகடு ஒவ்வொரு முறையும் எடுத்து வைக்கப்படும். எடுத்து வைத்தாலும் அதே இடத்தில் உட்கார வேண்டும். பின்னின் வேலை அதுதான். நான் போட்ட மேட்கள் மூன்று. தகட்டின் அடிமுகம் அடித்தகட்டின் மேல்முகத்தில் ஒட்ட வேண்டும். முதல் துளையும் முதல் பின்னும் ஒரே மையம். இதற்குப் பிறகு தகட்டுக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு அசைவு: முதல் பின்னைச் சுற்றிக் கதவு மாதிரி திரும்புவது. அதை நிறுத்த இரண்டாவது துளையையும் இரண்டாவது பின்னோடு மையம் சேர்த்தேன். கழித்தல் குறி மறைந்தது. வீட்டுக்குப் போய்விட்டேன்.

தவறு எங்கே? நிறுத்த வேண்டியது ஒரு சுழற்சியை. நான் போட்ட மேட் அதோடு நிற்கவில்லை. இரண்டு துளைகளுக்கு இடையிலான தூரமும் இரண்டு பின்களுக்கு இடையிலான தூரமும் இம்மியும் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும் என்று சேர்த்துக் கேட்டது. திரையில் அது கிடைத்தது. ஏனென்றால் இரண்டு இடத்திலும் 200 என்று அடித்தவன் நான்தான். மென்பொருள் பார்ப்பது பெயரளவிலான எண்ணை. அதன் உலகத்தில் எல்லாத் தகடும் சரியாக 200, எல்லா முகமும் சரியான சமதளம். ஆகவே நான் கேட்ட அதிகப்படிக் கட்டுப்பாடு ஏற்கெனவே நிறைவேறியிருக்கிறது என்று பேசாமல் விட்டுவிட்டது.

தரையில் கதை வேறு. என் வரைபடத்தில் நானே எழுதியிருந்தேன்: 200, கூடுதல் குறைவு 0.02 மில்லிமீட்டர். அடித்தகடு 0.02 கூடி, மேல்தகடு 0.02 குறைந்தால் வித்தியாசம் 0.04. ஒரு தலைமுடியின் தடிமனில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நான் கொடுத்திருந்த பொருத்தத்தில் பின்னுக்கும் துளைக்கும் நடுவே இருக்கும் இடைவெளி அதையும்விடக் குறைவு. இரண்டு தகடும் என் வரைபடம் கேட்டபடியே வந்தன. அளவுச் சோதனையிலும் தேறின. இரண்டும் சரி. சேர்த்தால் மட்டும் உட்காரவில்லை.

தீர்வு பழையது. ஒரு துளை வட்டமாக, மற்றது நீள்துளையாக இருக்க வேண்டும். இரண்டு துளைகளையும் இணைக்கும் கோட்டின் திசையில் அதை நீட்டி வெட்ட வேண்டும். அப்போது இரண்டாவது பின் சுழற்சியை மட்டும் தடுக்கும், தூரத்தைப் பற்றிப் பிடிவாதம் பிடிக்காது. நீள்துளை வேண்டாமென்றால் இரண்டாவது பின்னின் இரு பக்கங்களைச் சீவிய டயமண்ட் பின் போடலாம். உலகம் முழுக்க ஜிக் செய்பவர்களுக்கு இது அரிச்சுவடி.

ஃபிட்டர் அண்ணனுக்கும் தெரிந்திருந்தது. ராவிக்கொண்டே சொன்னார்: "ஒரு ஓட்டைய நீட்டி வெட்டியிருந்தா இந்த வேலையே இல்ல தம்பி." எனக்குத்தான் தெரியவில்லை. அதைவிட மோசம், அவரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

கையால் ராவிய துளைக்குத் துல்லியம் இருக்காது. தகடு உட்கார்ந்தது, ஆனால் கொஞ்சம் ஆடியது. வாடிக்கையாளரின் இடத்தில் அந்த ஜிக்கை வைத்துப் போட்ட துளைகள் இடம் மாறின. சரக்கு திரும்பி வந்தது. கூட்டம் போட்டார்கள். திரையில் என் அசெம்பிளியைத் திறந்து காட்டினேன். ஒரு சிவப்புக் குறி இல்லை, ஒரு கழித்தல் குறி இல்லை. "டிசைன் ஓகே" என்றார் மேலாளர். காரணம் என்ற கட்டத்தில் "பொருத்தும்போது அனுமதியின்றி மாற்றம்" என்று எழுதினார்கள். அண்ணனுக்கு எச்சரிக்கைக் கடிதம்.

நான் வாயைத் திறக்கவில்லை. அன்று எனக்குக் காரணம் முழுசாகப் புரியவில்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். பாதி புரிந்திருந்தது. அந்தப் பாதியைச் சொல்லவும் தைரியம் வரவில்லை.

ஆகவே என் குற்றச்சாட்டு இதுதான். திரையில் நாம் தேவைக்கு அதிகமாகப் போடும் ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்கும் தரையில் யாரோ ஒருவர் அரத்தால், சுத்தியலால், ஓவர்டைமால் விலை கொடுக்கிறார். பிறகு பெயரையும் கொடுக்கிறார். ஜொகூரில் அந்த யாரோ ஒருவர் பெரும்பாலும் தோட்டத்திலிருந்து வந்த நம் அண்ணன், இல்லாவிட்டால் நேப்பாளத்திலிருந்தோ வங்காளதேசத்திலிருந்தோ வந்த ஒரு தொழிலாளி. கூட்டத்தில் அவர்களுக்கு நாற்காலி கிடையாது. வரைபடத்தில் கையெழுத்துப் போடும் இடமும் கிடையாது.

மொழி கெட்டுப்போனது என்று சொன்னேன் அல்லவா? தமிழில் இரண்டு வினைகள் இருக்கின்றன. பொருந்து, பொருத்து. ஒன்று தன்வினை, மற்றது பிறவினை. ஒரு பொருள் தானாகப் போய் உட்கார்ந்தால் பொருந்துகிறது. நாம் உட்கார வைத்தால் பொருத்துகிறோம். ஓர் எழுத்துதான் வித்தியாசம். மென்பொருள் நமக்குக் கொடுத்திருப்பது பிறவினையை மட்டும். எதை வேண்டுமானாலும் எதனோடும் பொருத்தலாம். அது பொருந்துமா என்பது தனிக் கேள்வி. அந்தக் கேள்வியை மென்பொருள் கேட்காது. நாம்தான் கேட்க வேண்டும். நாம் ஒன்றைச் செய்துவிட்டு மற்றதும் நடந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

இன்னொன்றும் உண்டு. "முகம் அ-வும் முகம் ஆ-வும் ஒட்டியிருக்கின்றன" என்பது மேட் சொல்லும் வாக்கியம். இதில் எழுவாய் யார்? எதன்மேல் எது உட்கார்ந்திருக்கிறது? மேட்டுக்கு அது முக்கியமில்லை, இரண்டும் சமம். ஆனால் பட்டறையில் சமம் கிடையாது. ஒன்று அடி, மற்றது அதன்மேல் உட்காருவது. அடியின் முகத்தை முதலில் சீராகக் கடைந்து முடித்தால்தான் மேலே வருவதற்கு மதிப்பு. எது அடி என்று முடிவுசெய்யாமல் போடும் மேட், எழுவாய் இல்லாத வாக்கியம். படிக்கிறவர் தன் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொள்ள வேண்டியதுதான்.

இதெல்லாம் அயல்நாட்டு அறிவு, நமக்குப் புதிது என்று யாராவது சொன்னால் சிரிப்புதான் வரும். முக்காலி என்ற சொல் எதற்கு நம்மிடம் இருக்கிறது? மூன்று கால் எந்தத் தரையிலும் ஆடாது. நாற்காலி ஆடும். நாலாவது கால் அதிகப்படியான கட்டுப்பாடு. மாமாக் கடையில் மேசைக்கடியில் சிகரெட் பெட்டி அட்டையை மடித்து வைக்கிறார்களே, நான்கு காலும் சரியாக ஒரே நீளம், தரை சரியான சமதளம் என்று நம்பிய ஒருவருக்காகக் கடைக்காரர் செய்யும் வேலை அது. ஃபிட்டர் அண்ணனின் அரமும் அந்த அட்டையும் ஒன்றுதான்.

தோட்டத்தில் என் பாட்டி பொங்கல் வைத்தது மூன்று கல்லில். நாலாவது கல்லை வைத்தால் என்ன ஆகும் என்று சின்ன வயதில் வைத்துப் பார்த்தேன். பானை மூன்று கல்லில்தான் உட்காரும், நாலாவது சும்மா நிற்கும், இல்லாவிட்டால் பானை ஆடும். மூன்று தொடுபுள்ளி, பானையின் மூன்று நகர்வுகளையும் நிறுத்துகிறது. சுழற்சியை விட்டுவிடுகிறது. அதனால்தான் பாட்டியால் துணியைப் பிடித்துப் பானையைத் திருப்பிவிட முடிந்தது. நிறுத்த வேண்டியதை நிறுத்தி, விட வேண்டியதை விட்ட வடிவமைப்பு.

இதையே 19ஆம் நூற்றாண்டில் கெல்வின் பிரபு கணக்காகச் செய்தார். மேல்தகட்டில் மூன்று உருண்டைகள். கீழே ஒன்றுக்கு மூன்று பக்கக் குழி, இன்னொன்றுக்கு வி வடிவப் பள்ளம், மூன்றாவதுக்கு வெறும் சமதளம். குழியில் மூன்று இடத்தில் தொடும், பள்ளத்தில் இரண்டு, சமதளத்தில் ஒன்று. மொத்தம் ஆறு. ஆறு அசைவுக்கு ஆறு புள்ளி, ஒன்றுகூட அதிகமில்லை. நுட்பமான அளவுக் கருவிகளில் இன்றும் இந்த ஏற்பாடு இருக்கிறது. பட்டறையில் 3-2-1 என்று சொல்வதும் இதே கணக்குதான்: அடியில் மூன்று புள்ளி, ஒரு பக்கத்தில் இரண்டு, இன்னொரு பக்கத்தில் ஒன்று.

விட வேண்டியதை விடாவிட்டால் என்ன ஆகும்? ஓர் எஃகுத் தண்டு, இரண்டு முனையிலும் பேரிங். திரையில் வரைகிறவர் இரண்டு பேரிங்கையும் அவற்றின் கூட்டில் இடைவெளியின்றி ஒட்டிவிடுவார். பார்க்க அழகாக இருக்கும். ஒரு மீட்டர் தண்டு, அதைத் தாங்கும் சட்டத்தைவிட 40 டிகிரி அதிகம் சூடானால் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் நீளும். இரண்டு பக்கமும் பூட்டியிருந்தால் அந்த அரை மில்லிமீட்டர் எங்கே போகும்? பேரிங்கைத் தின்றுவிடும். அதனால்தான் ஒரு பேரிங் நிலையாகவும் மற்றது அச்சுத் திசையில் நகரும்படியும் அமைப்பார்கள். பாலத்திலும் இதே நியாயம். 1998இல் திறந்த இரண்டாவது இணைப்புப் பாலத்தில் தஞ்சோங் குப்பாங்கிலிருந்து துவாஸுக்கு மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிற நண்பர்களுக்கு அந்தத் தடக் தடக் தெரியும். வெயிலில் நீளவும் மழையில் சுருங்கவும் பாலத்துக்கு விட்டுவைத்த இடம் அது. அதையும் கழித்தல் குறி என்று நினைத்து மூடியிருந்தால் பாலம் விரிசல் விடும்.

மென்பொருள் கம்பெனிகளையே திட்டிக்கொண்டிருப்பது எளிது. நியாயமும் இல்லை. 1963இல் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லாண்ட் செய்த ஸ்கெட்ச்பேட் என்ற ஆராய்ச்சியிலிருந்துதான் இந்தக் கதை தொடங்குகிறது. திரையில் ஒளிப்பேனாவால் கோடு போட்டு, இந்த இரண்டும் இணையாக இருக்கட்டும், இது செங்குத்தாக இருக்கட்டும் என்று சொன்னால் கணினி கோடுகளைத் திருத்திக்கொள்ளும். வரைகிறவர் தன் நோக்கத்தைச் சொல்வதற்கான வழியாகத்தான் கட்டுப்பாடு கணினிக்குள் வந்தது. நாம்தான் அதை அசைவை அடக்கும் ஆணியாக்கிவிட்டோம்.

சில மென்பொருள்கள் கேள்வியையே திருப்பிப் போட்டுவிட்டன. ஃபியூஷனிலும் ஆன்ஷேப்பிலும் இரண்டு பாகங்களுக்கு நடுவே பெரும்பாலும் ஒரே ஓர் இணைப்பை வைத்தால் போதும். கீல் மாதிரி திரும்ப வேண்டுமா, இழுப்பறை மாதிரி நகர வேண்டுமா, அசையவே கூடாதா? எதைத் தடுக்கப் போகிறாய் என்பதைவிட எதை விடப் போகிறாய் என்பதே முதல் கேள்வி. சாலிட்வொர்க்ஸைத் தொடங்கிய ஜான் ஹிர்ஷ்டிக்தான் பிறகு ஆன்ஷேப்பையும் தொடங்கியவர்களில் ஒருவர் என்பதைக் கவனியுங்கள். ஆனால் இதுவும் நம்மைக் காப்பாற்றாது. அங்கேயும் எல்லாவற்றுக்கும் 'அசையக் கூடாது' என்று தேர்ந்தெடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர்களோடு நான் வேலை செய்திருக்கிறேன்.

இனி எதிர்வாதங்கள். இதை நண்பர்களிடம் பேசியபோது மூன்று பதில் வந்தது.

முதலாவது: "டைம் இல்ல மச்சான்." ஆயிரம் பாகம் உள்ள இயந்திரத்தில் ஒவ்வொரு போல்ட்டுக்கும் தத்துவ விசாரணை நடத்த முடியுமா? வேண்டாம். போல்ட்டைப் போட்டுவிட்டு அதன் சுழற்சியை அப்படியே விடுங்கள். நிஜத்திலும் அதன் தலை எந்தக் கோணத்தில் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. கழித்தல் குறி நிற்கட்டும். அந்தக் குறியை மறைக்கச் செலவழிக்கும் நேரத்தை, எடுத்து வைக்கப்படும் பாகங்களுக்கும் ஓடும் பாகங்களுக்கும் கொடுங்கள். நான் கேட்பது குறைவான மேட்களை.

இரண்டாவது: "கார் கம்பெனியில மேட்டே போடுறதில்ல தெரியுமா?" தெரியும். வண்டி முழுவதற்கும் ஒரே ஆதிப்புள்ளி வைத்து, ஒவ்வொரு பாகத்தையும் அதனதன் இடத்திலேயே வரைந்து அப்படியே நிலைநிறுத்துவார்கள். பெரிய ஆலைகளின் குழாய் அமைப்பிலும் அப்படித்தான். இதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர்கள் எந்த முகம் அடி, எந்தத் துளை வட்டம், எந்தத் துளை நீளம் என்பதை முன்னமேயே முடிவுசெய்து தனி ஆவணமாக எழுதி வைத்திருப்பார்கள். முடிவு எடுத்துவிட்டு 'பிக்ஸ்' அழுத்துவது ஒன்று. முடிவு எடுக்கத் தெரியாமல் அழுத்துவது வேறு. திரையில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும்.

மூன்றாவது: "அதெல்லாம் வரைபடத்துல டாலரன்ஸ் எழுதினா சரியாயிடும்." ஆகாது. எனக்கு ஆகவில்லை. டாலரன்ஸ் எவ்வளவு பிசகலாம் என்று சொல்லும். எங்கே பிசக இடம் இருக்கிறது என்பதை இணைப்பின் வடிவம்தான் சொல்லும். இடமே இல்லாத இணைப்பில் டாலரன்ஸை இறுக்கிக்கொண்டே போனால் விலைதான் ஏறும். 0.02-ஐ 0.005 ஆக்குவதற்குக் கொடுக்கும் காசில் எத்தனையோ நீள்துளை வெட்டலாம்.

பதில் சொல்ல வேண்டிய நான்காவது கேள்வி ஒன்று இருக்கிறது. அதை யாரும் கேட்கவில்லை: யாருக்கு இதைக் கற்றுக்கொடுக்க வேண்டிய பொறுப்பு? 2025 ஜனவரி 7ஆம் தேதி ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கான ஒப்பந்தம் கையெழுத்தானது. முதல் ஐந்து ஆண்டுகளில் 20,000 திறன்சார் வேலைகள் என்பது அறிவித்த இலக்கு. திறன் என்றால் என்ன? மென்பொருள் பயிற்சிச் சான்றிதழா? சில பயிற்சிகளில் அசெம்பிளி கேள்விக்கு விடை வெறும் எண்தான்: சேர்த்து முடித்த பொருளின் எடை மையம் எங்கே இருக்கிறது? ஆறு மேட் போட்டாலும் அறுபது போட்டாலும் அந்த எண் மாறாது. ஆகவே அதிகப்படிக் கட்டுப்பாட்டுக்கு மதிப்பெண் குறைவதே இல்லை. இந்தத் தேர்வில் தேறி வருபவரிடம் கழித்தல் குறியை மறைக்கும் திறன் இருக்கும். கொஞ்ச நாளில் மென்பொருளே அதைத் தானாகச் செய்துவிடும். மிஞ்சப்போவது, இந்தத் தகடு எதன்மேல் உட்காருகிறது என்று சொல்லத் தெரிந்தவரின் வேலை. இன்று அது ஃபிட்டர் அண்ணனிடம் இருக்கிறது. அவரிடமிருந்து யாரும் கற்றுக்கொள்ளவில்லை. அவரைக் கற்றுக்கொடுக்க யாரும் அழைக்கவும் இல்லை. இன்னும் சில வருடத்தில் அவர் ஓய்வுபெற்றுவிடுவார்.

இலக்கிய வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். தயவுசெய்து இதைப் படிமமாக்கிவிடாதீர்கள். "வாழ்க்கையிலும் அப்படித்தானே, உறவுகளில் கொஞ்சம் இடைவெளி வேண்டும்" என்று ஒரு பின்னூட்டம் வரும், எனக்குத் தெரியும். வேண்டாம். நம் கதைகளில் தொழிற்சாலை வந்தால் ஷிப்ட் பஸ், சங்கு, மேலதிகாரியின் ஏச்சு என்பதோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. ரப்பர் மரத்தில் வெட்டு எந்தக் கோணத்தில் இறங்க வேண்டும் என்பது தெரிந்த இலக்கியம் நம்முடையது. அந்த மரத்தை விட்டு வந்த தலைமுறை கையில் பிடித்திருக்கும் பின்னைப் பற்றியும் அதே அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? ஓர் அநியாயம் 0.04 மில்லிமீட்டரில் நடந்தால், 0.04 என்று எழுதத் தெரியாத எழுத்து அந்த அநியாயத்தைப் பார்க்கவே பார்க்காது. கூட்டத்தில் என் மேலாளர் பார்க்காத மாதிரி.

அந்தக் கம்பெனியை விட்டு வந்துவிட்டேன். வருவதற்கு முன்னால் அண்ணனிடம் போய், அது என் தவறு என்று சொன்னேன். ரொம்பத் தாமதம். "தெரியும் தம்பி" என்றார். கோபம் இல்லை. எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. மேலாளருக்கு ஒரு மின்னஞ்சலும் எழுதினேன், இரண்டு துளைகளையும் படம் போட்டு விளக்கி. பதில் வரவில்லை. எச்சரிக்கைக் கடிதம் அவர் கோப்பில் இன்னும் இருக்கும் என்றே நினைக்கிறேன்.

இப்போது வேலை செய்யும் இடத்தில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். எடுத்து வைக்கப்படும் பாகம் எதுவாக இருந்தாலும், மேட் போடுவதற்கு முன்னால் ஒரு தாளில் தமிழில் ஒரு வாக்கியம் எழுதுவேன். "இந்தத் தகடு இந்த முகத்தில் உட்காருகிறது, இந்தப் பின்னில் நிற்கிறது, அந்தப் பின் திரும்பாமல் மட்டும் பார்த்துக்கொள்கிறது." எழுத முடிந்தால் மேட் போடுவேன். முடியாவிட்டால் படியிறங்கிப் போய் ஃபிட்டரிடம் கேட்பேன். இங்கே ஃபிட்டர் நேப்பாளத்துக்காரர், என்னைவிட மூன்று வயது சின்னவர். என் மலாயும் அவர் மலாயும் ஒன்றுக்கொன்று சரியாக உட்காராது. ஆனால் கையில் இரண்டு தகட்டைக் கொடுத்தால் போதும். போன வாரம் ஒரு துளையைக் காட்டி, இரண்டு விரலால் நீட்டிக் காண்பித்தார்.

நீட்டி வெட்டச் சொல்லிவிட்டேன். வரைபடத்தில் 'ஆலோசனை' என்று ஒரு கட்டம் சேர்த்து அவர் பெயரை எழுதினேன். அந்தக் கட்டத்தை எடுத்துவிடச் சொல்லி இருக்கிறார்கள். இன்னும் எடுக்கவில்லை.